செம்மஞ்சள் கறளும் அதன் அடியிலுள்ள கருஞ்சேறும்

வணக்கம். முகத்துவாரத்தில் உள்ள உங்கள் படகுத்துறையின் உருக்குத் தூண்களில், வற்றுநீர் மட்டத்தை ஒட்டி மட்டும் செம்மஞ்சள் கட்டிகள் புடைத்திருப்பதாகவும், சுரண்டினால் கறுப்புச் சேறும் கூழ்முட்டை நாற்றமும் வருவதாகவும், மீண்டும் பெயின்ற் பூசினால் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது.

வெறும் உப்புக் கறள் இப்படி நாறுவதில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு; மேற்படலத்துப் பற்றீரியாக்கள் ஒட்சிசனைத் தீர்த்துவிட, அதன் அடியில் ஒட்சிசனின்றி வாழும் வேறு பற்றீரியாக்கள் அந்தச் சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்ற, அது இரும்புடன் சேர்ந்து நீங்கள் கண்ட கறுப்புப் படிவாகி அரிப்பை விரைவுபடுத்துகிறது. சேற்றைத் துடைத்ததும் பளபளப்பான குழிகள் தெரிந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. திறந்த வெளியில், சிறிதளவு படிவின் மீது ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் சில துளிகள் விட்டால் நாற்றம் கூடும்; அது நச்சு வாயு, தயவுசெய்து முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

முதலில் மீயொலிக் கருவியால் தூண்களின் எஞ்சிய தடிப்பை அளப்பியுங்கள். பாரம் தாங்குமா என்பதே அவசரமான கேள்வி. பின்னர் வெற்று உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து எப்பொக்சி பூசி, உருக்குக்குப் பதிலாகத் தாம் அரிபட்டு அதைக் காக்கும் நாகக் கட்டிகளான அனோட்டுகளையும் பொருத்துங்கள். அவை போதிய காப்புத் தருகின்றனவா என்று அறிய, தூண்களின் மின்னழுத்தத்தை வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு மின்வாயுடன் ஒப்பிட்டு அளக்கையில், வழக்கமாகப் போதுமான −0.80 வோல்ற்று இந்தப் பற்றீரியாக்கள் உள்ள இடத்தில் போதாது, −0.90 வரையேனும் இறங்க வேண்டும்.