ராணியாகும் எறும்புக்கு மூளை சுருங்குமா? முட்டையிட ஆரம்பித்தால் மந்தமாகிவிடுமா?

சுருங்கும். ஆனால் இரண்டாவதாக ஒன்று கேட்டிருக்கிறீர்களே, மந்தமாகிவிடுமா என்று, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளை பெற்றால் பெண்ணுக்கு மூளை குறையும், எறும்பே சாட்சி என்று போட்டிருந்தார்கள்.

படத்தில் இருப்பது ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர், இந்தியக் குதிக்கும் எறும்பு. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் இவற்றை வளர்த்தவள் நான். ராணி செத்துப்போனால் வேலைக்கார எறும்புகள் மல்லுக்கு நிற்கும். ஒன்று உணர்கொம்பால் எதிராளியின் தலையில் படபடவென்று அடித்துக்கொண்டே முன்னேறும், மற்றது பின்வாங்கும். கொஞ்ச தூரம் போனதும் அப்படியே முறை மாறும். 40 நாள் வரைகூட இது ஓடும். ஜெயித்த சில எறும்புகள் முட்டையிடத் தொடங்கும். அவற்றின் சூலகம் ஐந்து மடங்கு பெருக்கும், மூளை கால்வாசி வரை சுருங்கும், ஏழு மாத ஆயுள் நான்கு வருடம் வரை நீளும். வேட்டைக்கே போகாதவளுக்குப் பார்வைக்கான மூளைப் பகுதி அவ்வளவு பெரிதாக எதற்கு? அந்தச் சத்து முட்டைக்குப் போகிறது. இதையா மந்தம் என்பது?

எங்கள் மூன்றாவது டப்பாவில் முதுகில் நீலப் பொட்டு வைத்த ஒருத்தி முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். அவளைச் சில வாரம் தனியாக வைத்துவிட்டுத் திரும்ப விட்டோம். கூட இருந்தவர்களே தலையைக் கவ்விப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் பார்த்துவிட்டுப் போனேன், மறுநாள் காலையிலும் விடவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அப்புறம் ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் சில்வண்டைப் போட்டதும் முதலில் பாய்ந்தது நீலப் பொட்டுதான்! முட்டையிட்டவள் மறுபடி வேட்டைக்காரியாகிவிட்டாள். மூளையை நாங்கள் அளக்கவில்லை, ஒரே எறும்பை வைத்துப் பேசாதே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2021-இல் அமெரிக்காவில் எறும்பு ஆய்வாளர் கிளின்ட் பெனிக் குழுவினர் அளந்தே காட்டிவிட்டார்கள். வேலைக்குத் திரும்பிய எறும்புகளின் மூளை பழைய அளவுக்கே வளர்ந்திருந்தது. படம் போட்டவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை. மனிதப் பெண்ணுக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவதே தப்பு என்பது வேறு விஷயம்.

சில்வண்டு என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த எறும்புக்கு உயிருள்ள இரைதான் வேண்டும். என் ஆராய்ச்சிப் படிப்புக்கான உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. கேட்டால் 'ஃபைல் நகர்ந்திருக்கிறது' என்பார்கள். எறும்பு பட்டினி கிடக்குமா? அப்பாவிடம் கடன் வாங்கி சில்வண்டு வாங்கிப் போட்டேன். எட்டாவது மாதம் வாடகை கொடுக்க வழியில்லாமல் ஊருக்கு வந்துவிட்டேன். கல்யாணம், குழந்தை எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆனால் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் 'குழந்தை வந்ததால் படிப்பை விட்டுவிட்டாள்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் படத்தை எனக்கு அனுப்பியதும் அவர்களில் ஒருவர்தான்.