அந்தப் பாப்பாவுக்கு நம்பர் குடுத்தது தப்பா?

கேள்வி: எனக்கு 25 வயசு, எம்.எஸ்.டபிள்யூ முடிச்சிருக்கேன். 2023 டிசம்பர்ல தூத்துக்குடி பக்கம் வெள்ளம் வந்தப்போ ஒரு நிவாரண அமைப்போட சேர்ந்து ஏரல் பக்கத்துல ஸ்கூல் முகாம் ஒண்ணுல வாலண்டியரா இருந்தேன். அங்க ஏழு வயசு பாப்பா ஒருத்தி ஆச்சியோட இருந்தா, அம்மா அப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனில. அவ என்னை விட்டு நகரவே மாட்டா. கவுன் வாங்கிக் குடுத்தேன், என் நம்பரை எழுதிக் குடுத்தேன், சேர்ந்து எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸ்ல வெச்சேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க. இப்போ அதே அமைப்பு குழந்தைப் பாதுகாப்பு வேலைக்கு என்னைக் கூப்பிடுது. பாசம் வெச்சதுக்கே திட்டுற இடத்துல நான் எப்படி வேலை செய்யறது? அம்மாவும் வேண்டாங்கறாங்க. அந்தப் பாப்பா இன்னும் எப்பவாவது போன் பண்றா. (பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

பதில்:

தங்கச்சி, உங்க லெட்டரை மூணு தடவ படிச்சேன். நாலு பேர் முன்னாடி வெச்சு திட்டுனது தப்பு, தனியா கூப்பிட்டு சொல்லிருக்கணும். ஆனா சொன்ன விஷயம் சரிதாம்மா. ஏன்னா இதே தப்பை 2005ல நாகப்பட்டினத்துல நானும் பண்ணிருக்கேன்.

சுனாமி வந்து ரெண்டு மாசம் இருக்கும். நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க, கீச்சாங்குப்பம் அக்கரைப்பேட்டை பக்கமெல்லாம் எந்தத் தெருவுக்குப் போனாலும் அழுகைதான். தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்புல பிள்ளைங்க விளையாடுறதுக்கு ஒரு கொட்டகை, அதைப் பாத்துக்கறது என் வேலை. எட்டு வயசுப் பையன் ஒருத்தன், அம்மாவை கடல் கொண்டுபோயிடுச்சு, அப்பாயி கூட இருந்தான். தினம் அவனுக்கு மட்டும் ஏதாவது வாங்கிட்டுப் போவேன், அவனை மடில வெச்சுக்கிட்டுதான் மத்த பிள்ளைங்களுக்கு கதை சொல்லுவேன், உனக்கு நான் இருக்கேன்டான்னு வேற சொல்லி வெச்சேன். பத்து மாசத்துல ப்ராஜெக்ட் முடிஞ்சுது, கிளம்பி வந்துட்டேன். அடுத்த வருஷம் வேற வேலையா அந்தப் பக்கம் போனப்போ அவன் கொட்டகைக்கே வர்றதில்லன்னு சொன்னாங்க. அப்பாயி கோவமா கூட பேசல, "நீ வராமயே இருந்திருக்கலாம் தாயி, ஒரு தடவ ஆத்தாளைப் பறிகுடுத்த புள்ள, உன்னால இன்னொரு தடவ பறிகுடுத்துட்டான்"னுச்சு. அந்த வார்த்தை இன்னிக்கும் எனக்கு தொண்டைல நிக்குது.

உங்க பாப்பாவுக்கு அம்மா உயிரோட இருக்காங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன மழை அது, ரோடு அறுந்து போச்சு, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துலயே நின்னுடுச்சு, அவங்களால திருப்பூர்லருந்து வர முடியாம துடிச்சிருப்பாங்க. அந்த நேரம் பாப்பாவுக்கு வேண்டியது அம்மா குரல். உங்க நம்பரை எழுதிக் குடுத்த அதே பேப்பர்ல அவ அம்மா நம்பரை எழுதி, டவர் கிடைச்சதும் உங்க போன்லருந்தே போட்டுக் குடுத்து, ஆச்சியையும் பேச வெச்சிருந்தீங்கன்னா, அதுதான் நீங்க இப்போ சேரப் போற வேலை. பிள்ளையை அதோட சொந்த மனுஷங்ககிட்ட சேத்துட்டு நாம ஒதுங்கிக்கணும். கேக்க லேசா இருக்கும், செய்யும்போது மனசு கேக்காது.

கவுன் விஷயத்துக்கு வர்றேன். உங்க மனசு சுத்தம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ஒரு பிள்ளைக்கு மட்டும் துணி, ரகசியமா நம்பர், தனியா பாசம், இதையேதான் கெட்ட எண்ணத்தோட வர்றவனும் செய்வான். உங்ககிட்ட பழகுனதுல "வெளியாள் இப்படி குடுத்தா வாங்கிக்கலாம்"னு அந்தப் பாப்பா கத்துக்கிட்டா, அடுத்து வர்றவன் யாரா இருப்பான்னு யாருக்குத் தெரியும்? இது சும்மா பயமுறுத்தறதுக்கு சொல்றதில்ல. 2002ல மேற்கு ஆப்பிரிக்காவுல கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளோட அகதி முகாம்கள்ல ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேவ் த சில்ட்ரன்ங்கற குழந்தைகள் அமைப்பும் சேர்ந்து விசாரிச்சப்போ, உதவி செய்ய வந்தவங்களே சாப்பாட்டையும் பொருளையும் காட்டி பெண் பிள்ளைங்களை நாசம் பண்ணினது வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம்தான் உலகம் பூரா நிவாரண அமைப்புகளுக்கு கறாரான நடத்தை விதி வந்துச்சு, 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகிட்ட பாலியல் ரீதியா நடந்துக்கிட்டா, அந்த நாட்டு சட்டம் என்ன சொன்னாலும் சரி, வயசு தெரியாதுன்னு சொன்னாலும் சரி, மன்னிப்பே கிடையாது. உங்க சூப்பர்வைசர் கத்துனதுக்குப் பின்னாடி இவ்வளவு கதை இருக்கு.

பாசத்தாலயே கெட்டுப்போன கதையும் உண்டு. 2007ல சாட் நாட்டுல ஒரு பிரெஞ்சு அமைப்பு 103 பிள்ளைங்களை, பக்கத்து சூடான்ல சண்டை நடந்த டார்ஃபூர் பகுதி அனாதைங்கன்னு சொல்லி பிரான்ஸுக்கு விமானம் ஏத்தப் பாத்துச்சு, பிடிச்சு விசாரிச்சா அதுல முக்கால்வாசி பிள்ளைங்களுக்கு குடும்பம் இருக்கு. 2010ல ஹைட்டி பூகம்பத்துக்கு அப்புறமும் இதே மாதிரி, அமெரிக்காலருந்து வந்த ஒரு குழு 33 பிள்ளைங்களை எல்லை தாண்டி கூட்டிட்டுப் போகும்போது மாட்டுச்சு, அங்கயும் பெத்தவங்க இருந்தாங்க. முகாம்ல தனியா நிக்குற பிள்ளைன்னா அனாதைன்னு முடிவு கட்டிடக் கூடாது, யாரோ ஒருத்தங்க எங்கயோ நின்னு அதைத் தேடிட்டு இருப்பாங்க.

போட்டோ பத்தி நீங்க கேக்கல, நானே சொல்றேன். பாதுகாப்பு தேவைப்படுற பிள்ளையோட பேரு, ஸ்கூல், படம் வெளிய வரக் கூடாதுன்னு சிறார் நீதிச் சட்டத்துல 74ஆம் பிரிவு இருக்கு. அது விசாரணைல இருக்கற பிள்ளைங்களுக்கானது, உங்க ஸ்டேட்டஸுக்கு நேரடியா பொருந்தாதுன்னே வெச்சுக்கோங்க, காரணம் என்னவோ ஒண்ணுதான். பின்னாடி ஸ்கூல் போர்டு தெரியுற ஒரு படம் போதும், இந்த ஊர்ல இந்தப் பிள்ளை பெத்தவங்க இல்லாம இருக்குன்னு யாருக்கோ தகவல் குடுக்கறதுக்கு.

சரி, வேலைக்கு சேரலாமா? சேருங்க. ஆனா என்ன வேலைன்னு தெரிஞ்சுட்டு சேருங்க, முக்கால்வாசி நேரம் பிள்ளைங்களோட விளையாட்டு கிடையாது. முகாம் டாய்லெட்டுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா, போற வழில பல்பு எரியுதான்னு பாத்து, இல்லன்னா தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் நடந்து சண்டை போடணும். அதை நான் ரொம்பப் பெருசா நினைக்கறேன், ஒரு பல்பு எத்தனை பொண்ணுங்களைக் காப்பாத்துதுன்னு எந்த ரிப்போர்ட்லயும் வராது. அப்புறம் தனியா வந்த பிள்ளை யார்கூட வந்துச்சு, என்ன டிரெஸ் போட்டிருந்துச்சு, அம்மாவை கடைசியா எங்க பாத்துச்சுன்னு அது சொன்ன வார்த்தையிலயே எழுதி வெக்கணும், ஒரு தடவதான் கேக்கணும், வர்றவங்க போறவங்க எல்லாம் திரும்பத் திரும்ப அழ வெச்சு கேக்க விடக் கூடாது. முகாம் கலைஞ்சப்புறம்தான் ஸ்கூலை விட்டு நிப்பாட்டறது, அவசரக் கல்யாணம், வேலைக்கு அனுப்பறது எல்லாம் ஆரம்பிக்கும், அப்போ டிவி கேமரா இருக்காது, நீங்க இருக்கணும். ஒரு பிள்ளை உங்ககிட்ட வந்து "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுக்கா, சொல்றேன்"னு நிக்கும். சத்தியம் பண்ணிடாதீங்க. அது பாலியல் கொடுமைன்னா போக்சோ சட்டப்படி போலீஸ்ல சொல்லியே ஆகணும், அதை முதல்லயே பிள்ளைகிட்ட பக்குவமா சொல்லிடணும், நடுவுல மாத்தினா அது மறுபடி யாரையும் நம்பாது.

இன்டர்வியூல நீங்களும் கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைங்க கேஸ் குடுப்பீங்க? 25க்கு மேல போகக் கூடாதுன்னுதான் சர்வதேச அளவுகோல் சொல்லுது, அறுபது எழுபதுன்னு சொன்னாங்கன்னா யோசிங்க, அங்க பிள்ளைக்கும் நியாயம் கிடைக்காது, உங்களுக்கும் தூக்கம் வராது. மனசு பாரமா இருந்தா வாரா வாரம் உக்காந்து பேச சீனியர் யாராவது இருக்காங்களா? உங்க ஸ்டாஃபே தப்பு பண்ணினா யார்கிட்ட புகார் சொல்லணும்? இதுக்கு பதில் மழுப்புற இடம்னா வேண்டாம்.

அம்மாவோட பயம் நியாயமானது, சம்பளம் பெருசா இருக்காது, கான்ட்ராக்ட் ஆறு மாசம் ஒரு வருஷம்னு முடிஞ்சுடும், கல்யாணப் பேச்சு வேற ஓடிட்டு இருக்கும். ஒரு வருஷம் மட்டும்னு கேட்டுப் பாருங்க, முடிஞ்சா அம்மாவை ஒரு நாள் ஆபீசுக்கு கூட்டிட்டுப் போய் காட்டுங்க, பாதி பயம் அங்கயே இறங்கிடும்.

இப்போ அந்தப் பாப்பா. நம்பரை பிளாக் பண்ணிடாதீங்க, ப்ளீஸ், அது இன்னும் கொடுமை. அடுத்த தடவ கூப்பிட்டா சந்தோஷமா பேசுங்க, பேசிட்டு போனை ஆச்சிகிட்ட குடுக்கச் சொல்லுங்க, ஆச்சிகிட்ட நலம் விசாரிச்சு அம்மா நம்பரை வாங்குங்க. இனிமே அம்மா, ஆச்சி யாராவது பக்கத்துல இருக்கும்போது மட்டும் பேச்சு, மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் பொங்கலுக்கு ஒண்ணு, அப்படியே தானா குறையட்டும். போட்டோ இன்னும் போன்ல இருந்தா அழிச்சுடுங்க. நேர்ல ஒரு தடவ பாக்கணும்னு தோணினா, சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு, கூட இன்னொருத்தரை கூட்டிட்டு, அம்மா ஊருக்கு வந்திருக்கும்போது போங்க, கைல எதுவும் வாங்கிட்டுப் போகாதீங்க.