ஐயாவைக் கேளுங்கள்

கேள்வி: தமிழ் வகுப்பிலும் 'திருப்பம்', பௌதிகவியலிலும் 'திருப்பம்', கிரிக்கெட் வர்ணனையிலும் அதே சொல். எல்லாம் ஒன்றா, ஐயா?
— உயர்தர மாணவி, சாவகச்சேரி

பதில்: இல்லைப் பிள்ளை. கண்ணகி சிலம்பை உடைக்க, முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறிக்குதே, அது சிலப்பதிகாரக் கதையின் திருப்பம். முரளிதரனின் பந்து நிலத்தில் பட்டு வலக்கைத் துடுப்பாட்டக்காரரை நோக்கி உள்ளே வருவது இன்னொன்று. பௌதிகவியலில் அது ஒரு விசையின் சுழற்றும் விளைவு, அதை மட்டும் கணக்காகச் சொல்லலாம்: விசையைச் சுழலிடத்திலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கவேணும், அலகு நியூட்டன் மீற்றர். கிணற்றில் தண்ணி இறைக்கத் துலா மிதித்த அப்பப்பா யாரும் இருந்தால் கேட்டுப் பாரும். துலாவைத் தாங்கும் ஆடுகாலுக்கு, அதாவது சுழலிடத்துக்கு, கிட்ட நின்றால் துலா லேசில் அசையாது. அதே ஆள் அடிப்பக்கமாய்ப் பின்னுக்கு நடக்க, தண்ணி அள்ளுகிற பட்டை நிறைந்தபடி மேலே வரும். ஆளின் நிறை கூடவில்லை, தூரம்தான் கூடினது. சோதனையில் 'செங்குத்து' என்ற சொல்லை விட்டால் புள்ளி போகும். வர்ணனையாளருக்கு அந்தக் கவலை இல்லை.