மொழியியல் படித்தால் ஆங்கிலம் வருமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரிப் பாடப்பட்டியலில் 'இரண்டாம் மொழியாக ஆங்கிலம்', 'மொழியியல்' இரண்டும் இருக்கின்றன. ஆங்கிலம் தடுமாறாமல் பேச, எழுத வேண்டும் என்பதே என் நோக்கம். மொழியியல் எடுத்தால் அதுவும் கூடவே வந்துவிடும் அல்லவா?

பதில்: வராது. மொழியியலில் மொழி என்பது ஆராய்ச்சிப் பொருள். ஒலி, சொல்லமைப்பு, தொடர், பொருள், சமூகத்தில் மொழியின் போக்கு என்று பிரித்துப் பிரித்துப் பார்ப்பீர்கள். பயிற்சித்தாளில் துருக்கி மொழியிலிருந்தோ ஸ்வாஹிலியிலிருந்தோ 20 சொற்களைக் கொடுத்து, பன்மையைக் காட்டும் பகுதி எது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதில் உங்கள் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது.

பேசவும் எழுதவும் பழக்குவது முதல் வகைப் பாடம்தான். அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அலுவலகத்தில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாடத்தின் கிரெடிட் பட்டத்துக்குக் கணக்கில் வருமா, அல்லது சான்றிதழில் மட்டும் பதியுமா? கீழ்நிலை வகுப்புகளின் கிரெடிட்டைப் பட்டத்துக்குச் சேர்க்காத கல்லூரிகள் பல உண்டு. மூன்றாம் பருவத்தில் தெரிந்துகொண்டால் பணமும் போச்சு, காலமும் போச்சு.

மொழியியலிலும் ஆசை இருந்தால், எழுத்துப் பயிற்சியின் மேல்நிலை வகுப்போடு அறிமுக மொழியியலைச் சேர்த்து எடுக்கலாம். மொழித்திறனை அளக்க 2001-இல் ஐரோப்பியக் கவுன்சில் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளில் நான்காவதான பி2-வை எட்டாதவர்களுக்கு மொழியியலின் வாசிப்புச் சுமை கனமாகத்தான் இருக்கும்.

கேள்வி: எந்த நிலை வகுப்பு என்று முடிவுசெய்யும் பிளேஸ்மென்ட் டெஸ்ட்டுக்கு மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். உங்கள் தகுதிக்கு ஒரு படி மேலே போய் உட்கார்ந்தால் மூன்றாவது வாரமே மூச்சு முட்டும். கட்டுரையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். அதுதான் பலரைத் தேவையில்லாமல் கீழே இறக்குகிறது. நிலை தவறாக அமைந்துவிட்டது என்று தோன்றினால் முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள். முதல் வகுப்பில் பல ஆசிரியர்கள் ஒரு பக்கம் எழுதச் சொல்வது இந்தத் தவற்றைப் பிடிக்கத்தான்.

கேள்வி: ஒலியியல் தாளில் ஆங்கிலச் சொற்களைச் சர்வதேச ஒலியெழுத்தில் (ஒரு ஒலிக்கு ஒரு குறியீடு) எழுதும் பகுதியில் மட்டும் மதிப்பெண் போகிறது. குறியீடுகள் எல்லாம் மனப்பாடம். எங்கே தவறுகிறேன்?

பதில்: குறியீட்டை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள், காதைப் பழக்கவில்லை. ஆங்கிலத்தில் உயிரெழுத்து 5. பிரிட்டிஷ் பொது உச்சரிப்பில் உயிரொலியோ ஏறத்தாழ 20, மெய்யொலி 24. எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒலியை எழுதினால் கை எழுத்துப் பக்கமே போகும். 'சிக்ஸ்' என்பதற்கு ஆங்கிலத்தில் 3 எழுத்து, ஒலி 4. 'இருந்தாலும்' என்று பொருள்படும் 'தோ' என்ற சொல்லுக்கு 6 எழுத்து, ஒலி இரண்டே இரண்டு. எனவே சொல்லை மூடிவைத்துவிட்டு, மூன்று முறை வாய்விட்டுச் சொல்லி, ஒலிகளை விரல்விட்டு எண்ணுங்கள். எழுதிய குறியீடுகளின் எண்ணிக்கை அதோடு ஒத்துப்போக வேண்டும்.

தமிழ் மாணவருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் நாம் எழுதுவது ககரம்தான்; வாயில் வருவது மூன்று வேறு ஒலி. அவற்றை மாற்றிச் சொன்னாலும் தமிழில் பொருள் மாறாது என்பதால் காது அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதில்லை. இவை ஒரே ஒலியனின் (பொருளை வேறுபடுத்தும் அடிப்படை ஒலியின்) மாற்றொலிகள், அதாவது இடத்துக்கேற்ப மாறும் வடிவங்கள். (நம் காது மந்தம் என்று எண்ண வேண்டாம். 'வலி, வழி, வளி' மூன்றும் நமக்கு மூன்று சொல். வேற்று மொழிக்காரர் பலருக்கு ஒன்றுபோலவே கேட்கும்.) ஆங்கிலத்திலோ அந்தக் ககர வித்தியாசம் பொருளையே மாற்றிவிடும். மேலங்கிக்கான சொல்லும் ஆட்டுக்கான சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கோட்'. வகரத்திலும் இப்படித்தான்: உள்சட்டையும் மேற்குத் திசையும் இரண்டும் 'வெஸ்ட்'. மனத்துக்குள் தமிழில் எழுதிப் பார்த்து, அதிலிருந்து ஒலியெழுத்துக்கு மாற்றுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

மெய்யொலி ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். குரல்வளை அதிர்கிறதா? தொண்டையில் விரல் வைத்தால் தெரியும். எந்த இடத்தில் பிறக்கிறது? காற்று முழுதாக அடைபட்டு வெடிக்கிறதா, உரசிக்கொண்டு வருகிறதா, மூக்கு வழியே போகிறதா? ப, ம இரண்டும் இதழ் இயைந்து பிறப்பவை என்று தொல்காப்பியப் பிறப்பியல் சொல்லும்போது இரண்டாவது கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. அதைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தப் பாடம் அவ்வளவு அந்நியம் அல்ல.

அடுத்தது மூச்சொலி, அதாவது மெய்யொலியோடு சேர்ந்து வெளியேறும் காற்று. வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, குண்டூசிக்கான 'பின்' என்ற சொல்லை ஆங்கிலேயர் சொன்னால் காகிதம் படபடக்கும். 'ஸ்பின்' என்றால் பெரும்பாலும் அசையாது. நாம் சொல்லும்போது இரண்டிலும் அசையாது. நுண்ணிய எழுத்துமுறை (சிறு ஒலி வேறுபாட்டையும் குறிக்கும் முறை) கேட்டால் முதற்சொல்லுக்கு மூச்சொலிக்குறி கட்டாயம்.

மதிப்பெண் அதிகம் போவது அழுத்தம் பெறாத உயிரொலியில்தான். 'பனானா'வில் மூன்று உயிர். நடுவில் உள்ளதுதான் அழுத்தம் பெறும் நெடில்; முதலும் கடைசியும் 'ஷ்வா' எனப்படும் தளர்ந்த ஒலி. அதற்கு ஆங்கிலச் சிறிய 'இ' (e) எழுத்தைத் தலைகீழாக்கிய குறி. அகராதியில் அழுத்தக்குறியை முதலில் பாருங்கள். அது இல்லாத அசையில் ஷ்வாவைச் சந்தேகியுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிராட்' என்ற இலவச மென்பொருளில் உங்கள் குரலைப் பதிந்து பார்த்தால், அசையின் நீளம் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: மொழியியல் படிக்க நான்கைந்து மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒன்றை உன்னிப்பாகக் கவனிக்கத் தெரிந்தால் போதும்.

கேள்வி: என் ஆங்கிலக் கட்டுரைகளில் 'எ', 'தி' பிழைகள் மட்டும் தீரவே மாட்டேன் என்கின்றன. தமிழில் இல்லாத ஒன்றை எப்படிப் பிடிப்பது?

பதில்: தமிழில் அந்தச் சொற்கள்தான் இல்லை, அந்த வேறுபாடு ஓரளவு இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் கேட்பவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு வரும் இடத்தில் பெரும்பாலும் 'தி' வரும். இந்தச் சோதனை அஃறிணைச் செயப்படுபொருளுக்கு மட்டுமே. உயர்திணையில் 'ஒரு ஆசிரியரைப் பார்த்தேன்' என்று தெரியாதவருக்கும் உருபு வந்துவிடும். எழுவாயில் உருபே கிடையாது. அங்கெல்லாம் நேராகக் கேளுங்கள்: எதைச் சொல்கிறேன் என்று படிப்பவருக்குத் தெரியுமா? தெரிந்தால் 'தி'. தெரியாது, எண்ணக்கூடியது, ஒன்றுதான் என்றால் 'எ'. எண்ண முடியாததோ பன்மையோ என்றால் வெறுமனே விடுங்கள்.

'எண்ண முடியுமா' என்பதில்தான் தமிழ் நம்மை ஏமாற்றும். தகவல்கள், அறிவுரைகள், சான்றுகள், ஆய்வுகள் என்று தயங்காமல் பன்மை போடுகிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எவிடென்ஸ், ரிசர்ச் நான்கும் கல்லூரிக் கட்டுரைகளில் எண்ணாப் பெயர்கள். 'எ'-யும் கூடாது, பன்மை 'ஸ்'-ஸும் கூடாது.

எழுதும்போதே இதைத் திருத்தப் பார்க்காதீர்கள், கருத்து நின்றுவிடும். வரைவு முடிந்த பிறகு, பெயர்ச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடிட்டு ஒரு முறை படியுங்கள். ஆசிரியர் திருத்தாமல் வெறும் கோடு மட்டும் போட்டுத் தந்தால் அது சோம்பல் அல்ல. கவனக்குறைவால் வரும் சறுக்கல் வேறு, விதி தெரியாததால் வரும் பிழை வேறு என்று 1967-லேயே மொழியியலாளர் பிட் கோர்டர் பிரித்துக் காட்டினார். கோட்டைப் பார்த்ததும் நீங்களே சரிசெய்துவிட்டால் முதல் வகை. முடியாதவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேள்வி: தொடரியலில் மர வரைபடம் எதற்கு? சொற்களை வரிசையாக எழுதினால் போதாதா?

பதில்: 'பழைய புத்தகக் கடை'. பழையது புத்தகமா, கடையா? வரிசை ஒன்று, பொருள் இரண்டு. 'பழைய'வைப் 'புத்தக'த்தோடு முதலில் கட்டினால் ஒரு மரம். 'புத்தகக் கடை'யைக் கட்டிவிட்டுப் பிறகு சேர்த்தால் இன்னொரு மரம். வரிசையில் தெரியாததை மரம் காட்டுகிறது.

கீழிருந்து மேலே வரையுங்கள். முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் வகை, பிறகு தொடர், கடைசியில் வாக்கியம். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. ஒரு கணுவுக்கு (கோடுகள் சேரும் புள்ளிக்கு) நேர் மேலே ஒரே ஒரு கணுதான் இருக்க வேண்டும். எந்தச் சொற்கள் ஒரு கூட்டம் என்று சந்தேகம் வந்தால், அவற்றை எடுத்துவிட்டு 'அது', 'அங்கே' போன்ற ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் அது ஒரு கூட்டம். தமிழில் வினை கடைசியில் வரும் பழக்கத்தில் ஆங்கில மரத்திலும் செயப்படுபொருளை வினைக்கு இடப்புறம் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. வரைந்து முடித்ததும் அடிச்சொற்களை இடமிருந்து வலமாகப் படியுங்கள். கொடுத்த வாக்கியம் அப்படியே வர வேண்டும்.

கேள்வி: பாடநூல் வாசிக்க எத்தனை ஆங்கிலச் சொல் தெரிய வேண்டும்?

பதில்: அடிப்படையான 2,000 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) முதலில் முடியுங்கள். அடுத்து, மொழியியல் ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல். அதிலுள்ள 570 சொற்குடும்பங்கள் கல்விசார் நூல்களில் சுமார் 10 சதவீதச் சொற்களுக்கு ஈடுகொடுக்கும். அட்டையில் சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாமல், அது எந்த வினையோடு, எந்த முன்னிடைச்சொல்லோடு ('இன்', 'ஆன்', 'அட்' போன்றவை) சேரும் என்பதையும் எழுதிவையுங்கள். கட்டுரையில் சிவப்பு மை விழுவது பெரும்பாலும் அந்தச் சேர்க்கையில்தான்.