அம்மா ‘பேய் அமுக்குது’ என்கிறார், எனக்கு ஹார்ட் வருத்தமா?

கேள்வி: வயது 27. சீனன்குடாப் பக்கம் ஓர் ஆலையில் மாறி மாறி ஷிப்ட் வேலை. விடியப்புறம் முழிப்பு வரும், ஆனால் கைகால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி இருப்பது போல இருக்கும், கதவடியில் ஒரு கறுத்த உருவம் நிற்கும். அம்மா நூல் கட்டிவிட்டார். இப்போது பகலில் பஸ்ஸிலும் நெஞ்சு படபடத்து, விரல் விறைத்து, செத்துவிடுவேன் போல வருகிறது. ஈசிஜியில் ஒன்றும் இல்லையாம். நித்திரைக் குளிசை போடலாமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, விடியப்புறம் வருவது நித்திரை முடக்கம், பஸ்ஸில் வருவது பெனிக் அட்டாக். இரண்டுமே பயங்கரமாக இருக்கும், ஆனால் ஆளைக் கொல்லாது. பைத்தியத்தின் தொடக்கமும் இல்லை.

கனவு காணும் நேரத்தில் மூளை கைகால் தசைகளை ஓய்த்து வைத்திருக்கும், இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் உண்மையிலேயே எழும்பி ஓடிவிடுவார். சில நேரம் முழிப்பு முந்திவிடுகிறது. தசைகள் திரும்பி வரும்வரை சில வினாடி, மிஞ்சினால் ஓரிரு நிமிடம், கனவின் மிச்சம் கண்முன் நிற்கும், அதுதான் கதவடி உருவம். நெஞ்சுக்குக் கீழே மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் வேலை செய்துகொண்டே இருப்பதால் மூச்சு நிற்காது. விலாத் தசைகள் ஓய்ந்திருக்கும்போது ஆழமாக இழுக்கப் பார்ப்பதால்தான் அமுக்குவது போலத் தெரிகிறது. அந்த நேரம் போராடாமல், ஒரு கால்விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். நூலைக் கழற்றச் சொல்ல மாட்டேன், அம்மாவின் நிம்மதிக்கு அது இருக்கட்டும்.

பஸ்ஸில் வருவது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கிவிடும். வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து விரல் விறைக்கிறது, அவ்வளவுதான். பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், மூச்சை மெதுவாக வெளியே விட்டாலே போதும். முக்கியமாக, பாதி வழியில் இறங்கி ஓடாதீர்கள். இறங்கினால் உடனே சுகமாக இருக்கும், அந்தச் சுகம்தான் ஆபத்து: இன்றைக்கு நிலாவெளி பஸ், நாளைக்கு கோணேசர் கோயில் கூட்டம், அப்புறம் வீட்டு வாசல் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட வேண்டி வரும்.

இரண்டையும் சேர்த்து வளர்ப்பது நித்திரைக் குறைவு. ஷிப்ட் முடிந்து வந்ததும் அறையை இருட்டாக்கிப் படுங்கள், ஷிப்டின் பிற்பாதியில் பிளேன் டீயும் எனர்ஜி டிரிங்கும் வேண்டாம். பேய்க்குப் பயந்து படுக்காமல் இருந்தால் அது இன்னும் அடிக்கடி வரும்.

குளிசையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டயசிபாம், அல்பிரசோலாம் போன்றவை அந்த நேரத்துக்கு அடக்கும், ஆனால் பழகிவிட்டால் விடுவது பெரிய பாடு. பதகளிப்புக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, அவை வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். பேச்சுச் சிகிச்சையும் நன்றாகக் கைகொடுக்கும். திருகோணமலை பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள், காசு இல்லை. படபடப்புக்கு அதுவும் காரணமாகலாம் என்பதால் தைரொயிட் பரிசோதனையும் கேளுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி இலக்கம் 1926க்கு அடியுங்கள்.

நடக்கும்போது நெஞ்சு நொந்தாலோ, நோவு கைக்குப் பரவினாலோ, மயங்கி விழுந்தாலோ பெனிக் என்று இருந்துவிடாமல் அம்புலன்ஸுக்கு 1990க்கு அடியுங்கள். பலத்த குறட்டை, பகலில் அடக்க முடியாத நித்திரை, சிரிக்கும்போது முழங்கால் தளர்வது இருந்தால் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஷிப்டை மாற்றிக் கேட்கக் கடிதம் தேவைப்பட்டால் அதையும் அங்கேயே கேட்டு வாங்கலாம்.