கெப்பாசிட்டர் 380 வோல்ட்டைத் தொடுகிறதா?

கேள்வி: கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) ஒன்று சர்வீஸுக்கு வந்தது. ஸ்டேண்ட்பை 5 வோல்ட் சரியாக வருகிறது. ஆன் செய்யப் பச்சை ஒயரைக் கருப்போடு இணைத்தால் ஃபேன் சுற்றவில்லை. மாஸ்ஃபெட், டயோடு எதுவும் ஷார்ட் இல்லை. சி.எம்.6800 ஐ.சி.யை மாற்றியும் பலனில்லை. டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டும் பி.டபிள்யூ.எம். பகுதியில் எங்கே தேடுவது?
- வாசகர், ஈரோடு

பதில்: அந்தப் பகுதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பெரிய கெப்பாசிட்டரில் மீட்டரை வைத்து, பச்சை ஒயரை இணைப்பதற்கு முன் ஒரு முறையும் இணைத்த பின் ஒரு முறையும் அளந்து பாருங்கள். லைனில் 230 இருந்தால் முதல் அளவு 325 வோல்ட் பக்கம் வரும். இணைத்ததும் 380 பக்கம் ஏற வேண்டும். உங்களுடையதில் ஏறாது என்றே நினைக்கிறேன்.

சி.எம்.6800 இரண்டு வேலை பார்க்கிற ஐ.சி. முன்பாதி பவர் ஃபேக்டரைத் திருத்துகிறது. அதாவது, அலையின் உச்சியில் மட்டும் கரண்ட்டை வாரி இழுக்காமல், சைன் அலையின் வடிவத்திலேயே எடுத்து கெப்பாசிட்டரை நிரப்புகிறது. பின்பாதி அங்கிருந்து எடுத்து டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டுகிறது. கெப்பாசிட்டர் 380ஐ நெருங்கும்வரை ஐ.சி. பின்பாதியைத் தொடங்கவே விடாது. அதனால்தான் முன்பாதியின் கோளாறு பி.டபிள்யூ.எம். கோளாறு போலத் தெரிகிறது.

இரண்டையும் ஒன்றாக வைத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டுக்கும் ஒரே கிளாக் என்பது. எம்.எல்.4824 என்ற பழைய ஐ.சி.யின் காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. முன்பாதியின் மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும் அதே கணத்தில் பின்பாதியுடையது ஆன் ஆகும். முன்பாதியின் காயில் (கம்பிச்சுருள்) விடுகிற கரண்ட்டில் ஒரு பங்கு கெப்பாசிட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராக டிரான்ஸ்ஃபார்மருக்கே போய்விடும். கெப்பாசிட்டருக்கு அந்த அளவு பாரம் குறைகிறது. அருமையான யோசனை!

சரி, உங்கள் போர்டுக்கு வருவோம். பச்சை ஒயரை இணைத்த நிலையில் ஐ.சி.யின் 14ஆம் காலில் 7.5 வோல்ட் இருக்கிறதா? இல்லையென்றால் 13ஆம் காலுக்கு சப்ளை வருகிறதா என்று பாருங்கள். 7.5 இருந்தால், ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜிலிருந்து 2ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் வரும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்களைப் பாருங்கள். போன வருடம் இதே கோளாறில் நானும் இரண்டு ஐ.சி.யை மாற்றிய பிறகுதான் 2ஆம் காலுக்கு வரும் ரெசிஸ்டர் ஓப்பன் (உள்ளே அறுந்தது) என்று கண்டுபிடித்தேன். வெளியே கருகிய அடையாளமே இல்லை. ஒரு முனையைக் கழற்றி அளந்தால்தான் தெரியும்.

15ஆம் காலுக்கு வரும் ரெசிஸ்டர்களையும் விடாதீர்கள். கெப்பாசிட்டரின் வோல்டேஜை ஐ.சி. அவை வழியாகத்தான் அறிகிறது. அவற்றில் கெப்பாசிட்டர் பக்கம் உள்ள ஒன்றின் மதிப்பு கூடிவிட்டால், ஐ.சி. 380ஐத் தாண்டி ஏற்றிவிடும். ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பும் அதே காலை நம்பியிருப்பதால் அதுவும் உதவாது.

லைனில் சீரிஸாக ஒரு பல்பு போட்டு டெஸ்ட் செய்கிறீர்களா? ஷார்ட் பார்க்க அது நல்லது. ஆனால் முன்பாதி கரண்ட் இழுக்கத் தொடங்கியதும் வோல்டேஜ் பல்பிலேயே விழுந்துவிடும், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கூட 380க்கு ஏறாமல் திணறும். ஷார்ட் இல்லை என்று உறுதியான பிறகு நேரடி லைனில் அளந்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஒவ்வொரு முறையும் ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே போர்டில் கை வையுங்கள். அப்புறம், அந்த இரண்டு அளவுகளையும் எனக்கு எழுதுங்கள்.