உளைச் சேற்றில் சிக்கிய டாங்கி: கேள்வி பதில்

திருத்துறைப்பூண்டி: சார், தை அறுவடையில செயின் வச்ச அறுவடை மெஷின் உளையில இறங்கிட்டா ரெண்டு டிராக்டர் கட்டினாலும் அசையாது. 40 டன் டாங்கியை ஒரே மீட்பு வண்டி எப்படி இழுக்குது?

பதில்: இன்ஜின் பலத்தைவிடக் கணக்குதான் முக்கியம். சேறு டாங்கியின் ரோடு வீலை (செயினுக்குள் உருளும் சக்கரம்) தாண்டாவிட்டால், இழுக்கத் தேவையான விசை வண்டியின் எடைக்குச் சமம். வீல் மூழ்கி மட்கார்டு வரை ஏறிவிட்டால் எடையைப் போல் இரண்டு மடங்கு, டரட் (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு) வரை போனால் மூன்று மடங்கு. 41 டன் டி-72 டாங்கி மட்கார்டு வரை புதைந்தால் 82 டன் வேண்டும். வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுத்தால் இதில் 10 சதவீதம் குறையும். சிக்கிய டாங்கியின் செயினும் அதே பக்கம் ஓடினால் இன்னும் 40 சதவீதம் குறையும். ஆக, பாதி: 41 டன்.

அடுத்து கப்பி. டாங்கியில் ஒரு கப்பி மாட்டி, வடத்தின் முனையை மீட்பு வண்டிக்கே திருப்பிக் கட்டுவார்கள். பாரம் இரண்டாகப் பிரியும். கப்பி உராய்வுக்கு 10 சதவீதம் சேர்த்தாலும் விஞ்சின் (வடத்தை டிரம்மில் சுற்றி இழுக்கும் கருவி) பங்கு சுமார் 22.5 டன்தான். 30 டன் விஞ்ச் தாராளமாகத் தாங்கும். ஆனால் டிரம்மில் வடம் அடுக்கடுக்காக ஏறியிருந்தால் மேலடுக்கில் இழுவை குறையும். முடிந்தவரை வடத்தை வெளியே விட்டுவிட்டு இழுக்க வேண்டும்.

மன்னார்குடி: அந்த இழுவையில மீட்பு வண்டியே சேத்துப் பக்கம் வந்துடாதா?

பதில்: வரும். பலரும் கோட்டை விடுகிற இடம் இது. விஞ்சுக்குப் பாதி பாரம்தான். ஆனால் கப்பிக்குப் போகும் வடமும் திரும்பி வரும் வடமும் சேர்ந்து மீட்பு வண்டியை இழுப்பது முழு 41 டன். அதற்காகத்தான் முன்பக்க பிளேடை மண்ணில் ஊன்றுகிறார்கள். நம் நஞ்சைக் களியில் ஊன்றினால் அது உழுதுகொண்டே வரும். வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்தி, வடத்தை நீளவிடுவதே வழி.

கும்பகோணம்: மெஷினை இழுக்கத் தென்னை மரத்துல கட்டலாமாண்ணே?

பதில்: வேண்டாம், நனைந்த மண்ணில் வேரோடு சாயும். இழுக்கும் திசைக்குக் குறுக்கே இடுப்பளவு குழி வெட்டி, கனத்த மரக்கட்டையைக் கிடத்தி, அதன் நடுவில் வடத்தைச் சுற்றி மூடுங்கள். வடம் வெளியே வரச் சரிவாகத் தனிப் பள்ளம் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் இழுவை கட்டையை மேலே தூக்கிவிடும்.

தஞ்சாவூர்: களத்திலேயே இன்ஜின் மாத்துவாங்களாமே?

பதில்: வண்டியைப் பொறுத்தது. லெப்பர்ட் 2 என்ற ஜெர்மன் டாங்கியில் இன்ஜின், கியர்பாக்ஸ், கூலிங் மூன்றும் ஒரே தொகுதி. ஜெர்மனியின் பியூஃபெல் மீட்பு வண்டி அதை அப்படியே கிரேனில் தூக்கி, ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிவிடும். டி-72-இல் எல்லாம் தனித்தனி. கழற்றிப் பூட்டி, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் அமர்ந்ததா என்று பார்ப்பதற்கே நேரம் ஓடிவிடும். கிரேன் பெரிதாக இருந்து பயனில்லை.

திருவாரூர்: இழுக்கிற வண்டிக்குக் கவசம் எதுக்கு?

பதில்: 1965 போரில் பஞ்சாபின் கேம்கரன் பக்கம், அசல் உத்தரில், நீர் பாய்ச்சிய வயல்களில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சிக்கின. அப்படி நிற்பது எதிரிக்கு அசையாத இலக்கு. குண்டு விழும் இடத்தில் இறங்கிக் கொக்கி மாட்ட வேண்டுமே.

நாகப்பட்டினம்: வடம் அறுந்தா?

பதில்: சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். வடத்தின் நீளம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி நில்லுங்கள். கப்பியில் வடம் மடங்கும் உட்பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. தோல் கையுறை இல்லாமல் இரும்பு வடத்தைத் தொடாதீர்கள்; அறுந்த கம்பி இழைகள் கையைக் கிழித்துவிடும்.